ஐந்தாவது ஆட்டக்காரி

பாத்திரம் கழுவுவது யார் என்பதற்குத்தான் இந்தக் கோபுரம்.
வேறு பந்தயம் கிடையாது.
வால்பரைசோவில், குன்றின் விளிம்பைத்
தொற்றிக்கொண்டு நிற்கும் கட்டடத்தின் நாலாம் மாடி.
நாலு பேர், ஒரு மேசை,
ஐம்பத்து நாலு கட்டைகள்.

உண்மையில் ஐம்பத்து மூன்று.
ஒன்றை யஸ்னாவின் நாய் தின்றுவிட்டது.
பதிலுக்கு ரோசமெல்
மீன்பெட்டிப் பலகையில் ஒன்றை அறுத்து இழைத்தான்.
ஒரு நூல் பருமன் கூட.
மழை நாளில் வாடை வேறு.
இன்றைக்கு அது ஏழாம் தட்டில், சன்னல் பக்கம்.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் தொடமாட்டோம்.

ரோசமெல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
இருபது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பான்.
இங்கே அவன் கை வெடவெடக்கும்.
"கனம் போதாது, அதுதான் கோளாறு" என்பான்.

லுடோவினா பல் மருத்துவர்.
ஆடுகிற பல்லைத் தேடுகிற மாதிரி
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பாள்.
"வலிக்கிறதா?"
கட்டையிடம்தான் கேட்கிறாள்.

யஸ்னா கையால் ஆடுவதில்லை, வாயால் ஆடுவாள்.
கட்டை பாதி வெளியே வந்திருக்கும்போது
பருத்திப்பஞ்சுக் குரலில் கேட்பாள்:
"அந்த அந்தோஃபகஸ்தாக்காரன்
மறுபடி எழுதினானா?"

என் ஆட்டத்தைப் பற்றி நானே சொன்னால் நன்றாயிருக்காது.
போன மூன்று வாரமும்
பாத்திரம் கழுவியது நான்.

இன்று என் முறை.
பதினொன்றாம் தட்டு, நடுக்கட்டை.
இரண்டு விரல். மூச்சு கிடையாது.
மூன்று பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
நான் தோற்பதற்குக் காத்திருக்கிறார்கள்.

முதலில் சன்னல் கண்ணாடி பேசியது.
பிறகு கரண்டிகள்.
பிறகு விளக்கு, தன் நிழலை
மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
தள்ளித் தள்ளி விளையாடியது.

யாரும் எழுந்திருக்கவில்லை.
ஐந்துக்குக் கீழே என்றால்
இந்த ஊரில் நாற்காலியை விடுகிற வழக்கமில்லை.
லுடோவினா மட்டும் கோபுரத்தைச் சுற்றி
இரண்டு கைகளையும் தொடாமல் விரித்தாள்.
பிடிக்கக் கூடாது என்பது விதி.
கெஞ்சலாம்.

கோபுரம் கடல் பக்கம் சாய்ந்தது.
யோசித்தது.
திரும்பி வந்தது.
மலைப் பக்கம் சாய்ந்தது.

பொறுமைக்குப் பூமியை உவமை சொல்கிற
ஊர்களும் உண்டாம்.
இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

நின்றது.
"நாலு புள்ளி எட்டு."
"ஐந்து புள்ளி ஒன்று, என்ன பந்தயம்?"
"முதலில் இவள் கையைப் பாருங்கள்."

என் இரு விரலுக்கிடையே
முழுதாய் வெளியே வந்திருந்தது கட்டை.
நான் இழுக்கவில்லை. சத்தியமாய் இழுக்கவில்லை.

வழக்கு கால் மணி நேரம் நடந்தது.
பூமி எடுத்த கட்டை பூமிக்கே என்றான் ரோசமெல்.
எடுத்தது பூமி, பிடித்தது இவள்,
பாதிப் பாதி என்றாள் லுடோவினா.
யஸ்னா புள்ளித்தாளில் ஐந்தாவது பத்தி கிழித்து
மேலே 'பூமி' என்று எழுதினாள்.
"ஒரு கட்டைகூட விழவிடவில்லை பார்,
இப்போதைக்கு அவள்தான் முன்னணி."
அவள் முறை முடிந்தது.
ஆகவே மறுபடி என் முறையாம்.
என்ன நியாயமோ.

கட்டையை உச்சிக்குக் கொண்டுபோனேன்.
வைத்தேன்.
விரலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படார்!

கதவில் மூன்றாம் மாடி எதெல்வீனா அம்மாள்.
முகம் முழுக்க க்ரீம், தலை முழுக்கச் சுருட்டிகள்,
கக்கத்தில் ரேடியோ.
"உணர்ந்தீர்களா?"

ஐம்பத்து நாலும் உணர்ந்தன.
மீன்பெட்டிக் கட்டை நேரே
யஸ்னாவின் சூப்பில் போய் விழுந்தது.

"நான் தொட்டது கதவை,
கோபுரத்தை அல்லவே" என்றார் அம்மாள்.
சட்டம் அவர் பக்கம்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
எத்தனை விரல் உபயோகிக்கலாம் என்று விசாரித்தார்.

நாலாவது வாரம்.
முழங்கை வரை நுரையோடு நான்.
அடுத்த அறையில் புதுக் கோபுரம் எழும்புகிற
டக், டக்.

தட்டுகள் மெல்லக் கிலுகிலுத்தன.
பின்னதிர்வு. மூன்று புள்ளி ஏதோ.

உள்ளேயிருந்து நாலு குரல்,
ஒன்றாய், தரையைப் பார்த்து:
"ஏய், உன் முறை இல்லை!"